கேள்வி – பதில்: வகுப்பறையும் தன்முயற்சிக் கல்வியும்

இம்மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றுள் ஐந்து கடிதங்கள் ஒரே கேள்வியை ஐந்து திசைகளிலிருந்து கேட்பதைக் கண்டேன். பாடசாலையில் கற்பதுதான் கல்வியா, ஒருவர் தாமாகத் தேடிக் கற்பதுதான் கல்வியா என்பதே அக்கேள்வி. முப்பத்தோர் ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இப்பொருளில் எனக்கு ஆழ்ந்த பற்று உண்டு. ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த ஐந்துக்கு மட்டும் இம்முறை விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் தரம் பத்தில் படிக்கிறான். கணினி நிரல் எழுதுவதில் அவனுக்கு மிகுந்த விருப்பம். பாடசாலையில் ஒரு நாள் முழுவதும் கற்பிப்பதை யூடியூபில் ஒரு மணித்தியாலத்தில் படித்துவிடலாம், இனிப் போகமாட்டேன் என்கிறான். அவனுடைய தகப்பன் வெளிநாட்டில் இருக்கிறார். அவன் போக்கில் விடுவதா, மறிப்பதா என்று தெரியாமல் தவிக்கிறேன்.
— ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: அம்மா, முதலில் சட்டத்தைச் சொல்லிவிட்டு அதை ஓரமாக வைத்துவிடுகிறேன். நம் நாட்டில் 1998இல் 5 முதல் 14 வயது வரை கட்டாயமாக்கப்பட்ட பாடசாலைக் கல்வி, 2016இல் 16 வயது வரை நீட்டிக்கப்பட்டது. ஆகவே தரம் பத்தில் படிக்கும் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்த உங்களுக்கும் உரிமையில்லை, அவனுக்கும் உரிமையில்லை. ஆனால் சட்டத்தைக் காட்டி ஒரு பிள்ளையின் வாயை அடைப்பது அவன் கேட்டதற்கு விடையாகாது. அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை நீங்களும் நானும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் பார்த்தெழுதுவதிலேயே பல பாடவேளைகள் கழிகின்றன. தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை என்று தொடங்கும் ஓட்டம், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தர இசட் புள்ளி வரை பிள்ளையை நிற்கவிடுவதில்லை. இவற்றை நானும் செய்தேன், என்னுடன் பணியாற்றியவர்களும் செய்தார்கள். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் ஒரு பிள்ளை கேட்ட நல்ல கேள்வியை "அது பரீட்சைக்கு வராது" என்று தள்ளிவிட்ட நாட்கள் என் மனதில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கின்றன. ஆயினும் பிள்ளைகள் தாமாகக் கற்பதற்கு இருந்த நேரத்தைப் பாடசாலையை விட ரியூசன் வகுப்புகளே அதிகம் விழுங்கின என்பது என் கணிப்பு. பாடசாலை இரண்டு மணிக்குள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு இரவு எட்டு மணி வரையும், சனி ஞாயிறு முழுவதும், கல்லடிப் பாலத்தின் இரு கரைகளிலும் சைக்கிளில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத் தமக்கென்று ஒரு மாலைப்பொழுது இருக்கிறதா?

இனி அவன் கவனிக்கத் தவறிய பக்கத்தைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் இன்னும் பணியில் இருந்தேன். பாடங்களை வட்ஸ்அப் வழியாக அனுப்பினோம். வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் அயல்வீட்டு வாசலில் காத்திருந்ததை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த துயரம். போன் இருந்த பிள்ளைகளிடம் நான் கண்டதுதான் எனக்குப் பெரிய பாடமாயிற்று. ஏற்கெனவே தாமாக ஒன்றைத் தேடிப் படிக்கும் பழக்கம் இருந்த சில பிள்ளைகள் அந்த மாதங்களில் வகுப்பில் இருந்ததைவிட வேகமாக முன்னேறினார்கள். மற்றவர்கள், அவர்களுள் கெட்டிக்காரப் பிள்ளைகளும் அடக்கம், காணொளியைப் பார்த்துவிட்டு விளங்கிவிட்டது என்றார்கள். பாடசாலை திறந்தபின் அதே கணக்கைப் பலகையில் செய்யச் சொன்னபோது முதல் வரியோடு நின்றுவிட்டார்கள். ஒருவர் தெளிவாக விளக்குவதைக் கேட்கும்போது நமக்குள் எழும் தெளிவு பெரும்பாலும் அவருடையது. அது நம்முடையதாவதற்கு நாமே செய்து, பிழைவிட்டு, அந்தப் பிழையை இன்னொருவர் காட்டக் காண வேண்டும். தன்முயற்சிக் கல்வி என்பதே கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறன் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

உங்கள் மகனைப் போன்ற இளையோர் படிக்கும் பக்கங்களில் இவான் இல்லிச் என்ற பெயர் வருவதுண்டு. பாடசாலை என்ற நிறுவனமே கல்விக்குத் தடையாகிவிட்டது என்று 1971இல் எழுதிப் பெரும் விவாதத்தை எழுப்பியவர் அவர். சான்றிதழையே அறிவென்று மயங்குகிறோம் என்ற அவருடைய குற்றச்சாட்டு இன்றைக்கும் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். ஆனால் பாடசாலைக்கு மாற்றாக அவர் எதை முன்வைத்தார் என்பதைப் பலர் படிப்பதில்லை. நூல்களையும் கருவிகளையும் எவரும் அணுகக்கூடிய ஏற்பாடு, ஒரு திறனை அறிந்தவர் அதைப் பிறருக்குச் செய்துகாட்டும் ஏற்பாடு, ஒரே பொருளில் நாட்டமுள்ளவர்களைச் சந்திக்க வைக்கும் ஏற்பாடு, வழிகாட்டக்கூடியவர்களை இனங்காட்டும் ஏற்பாடு என்று நான்கைச் சொன்னார். நான்கிலுமே மனிதர்கள் இருக்கிறார்கள். அறையைப் பூட்டிக்கொண்டு திரையின் முன் தனியே இருப்பது, பாடசாலையை அவ்வளவு கடுமையாக எதிர்த்தவருடைய திட்டத்திலும் இல்லை.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அவன் எழுதிய நிரலொன்றை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு நிரல் தெரியாது என்பதே இங்கு நல்லது. தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி சொல்ல முடிகிறதா என்பதில் அவனுடைய அறிவின் ஆழம் வெளிப்படும். இந்த வாரம் எந்த இடத்தில் பிழைவிட்டாய், அதை யார் காட்டினார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவனிடம் விடை இருந்தால் அவன் உண்மையாகவே கற்கிறான். பாடசாலையை நிறுத்தாதீர்கள், ரியூசன் வகுப்புகளில் ஒன்றையோ இரண்டையோ நிறுத்தி, அந்த மாலைகளை அவனுக்கே கொடுங்கள். அவன் பாடசாலையில் நிரலில் ஆர்வமுள்ள இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் நிச்சயமாக இருப்பார்கள். அவர்களை உங்கள் வீட்டு விறாந்தையில் ஒன்றுசேர்த்து, ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்தால் போதும்.

கேள்வி: தன்முயற்சிக் கல்வி, பாடசாலையற்ற கல்வி என்பவையெல்லாம் மேல்நாட்டு நாகரிகங்கள் அல்லவா? குருவின் காலடியில் அமர்ந்து கற்பதே நம் மரபு. அந்த மரபின் தொடர்ச்சியான பாடசாலையைப் பழிப்பது நன்றியற்ற செயலாக எனக்குப் படுகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை

பதில்: ஐயா, பாடசாலை மீது உங்களுக்குள்ள பற்று எனக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கரையோரக் கிராமங்களில் வீடும் இல்லை, உறவும் இல்லை என்றாகிவிட்ட பிள்ளைகள், தகரக் கொட்டகையில் மணியடித்தபோது வரிசையாக வந்து அமர்ந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குப் பாடசாலை கொடுத்ததை எந்த நூலும் எந்தத் திரையும் கொடுத்திருக்க முடியாது. ஆனால் இரண்டு செய்திகளை நீங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள் என்று பணிவுடன் சொல்ல வேண்டியிருக்கிறது. மணியடித்து, வயதுவாரியாக வகுப்புப் பிரித்து, நேரசூசிப்படி நடத்தும் பாடசாலை நம் பழைய மரபின் தொடர்ச்சி அன்று. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மதபோதகர் மட்டக்களப்பில் வந்திறங்கித் தொடங்கிய பாடசாலையே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வேர். நம் மண்ணில் இந்த வகைப் பாடசாலைக்கு இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான வயதுதான் ஆகிறது.

அதற்கு முன்பிருந்த மரபைப் பற்றி நன்னூலின் பொதுப்பாயிரம் சொல்வதை நீங்களே உங்கள் மாணவருக்குக் கற்பித்திருப்பீர்கள். ஆசான் உரைப்பதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கே என்கிறார் பவணந்தியார். உடன்கற்பவரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கும், தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறைகின்றன என்பது அவர் கணக்கு. குருவை அவ்வளவு உயர்த்திப் பேசிய ஒரு மரபு, குருவால் கொடுக்க முடிந்தது நான்கில் ஒன்று என்று இலக்கணமாகவே எழுதி வைத்தது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. எஞ்சிய முக்காற்பங்கு மாணவனுடைய கையில் இருக்கிறது. அதைத்தான் இன்று தன்முயற்சிக் கல்வி என்கிறார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் விரல்பிடித்து எழுதக் கற்பித்த அந்த முறையில், கற்பித்த பிள்ளையும் சேர்ந்தே கற்றது. சென்னையில் ஓர் அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு 1789 முதல் பொறுப்பாக இருந்த அன்ட்ரூ பெல் என்பவர் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் புகுத்தி, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்து, 1797இல் அதைப் பற்றி இலண்டனில் எழுதி வெளியிட்டார். பின்னர் அது இங்கிலாந்தில் மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே பரவியது. மேல்நாட்டிலிருந்து வந்தது என்று நாம் நினைக்கும் சில, நம் திண்ணையிலிருந்து போனவை.

நம் மாவட்டத்தின் கூத்துக் களரியை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. வடமோடியோ தென்மோடியோ, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஊருக்குள் வந்து, ஆடுபவர்களுக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் சட்டங்கொடுத்தல் நடந்த நாளிலிருந்து சதங்கையணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் நீளும் அந்தப் பயிற்சியில், பகலெல்லாம் வயலில் நின்றவர்கள் இரவில் நூற்றுக்கணக்கான பாடல்களை மனதில் ஏற்றினார்கள். அவர்களுள் பலருக்கு எழுத்து வாசனை குறைவு. ஒருவர் ஏட்டைப் பார்த்துப் படித்துக்கொடுக்க, மற்றவர் தம் வயல்வட்டைக் காவற்பரணில் இருந்து அதைத் தனியே பாடிப்பாடிப் பழகி, அடுத்த இரவு களரியில் அண்ணாவியார் முன் ஆடிக்காட்டிப் பிழை திருத்திக்கொண்டார். இதைப் பாடசாலை என்பீர்களா, தன்முயற்சி என்பீர்களா? தனியே பழகுவதும் சபையில் திருத்தம் பெறுவதும் இங்கே ஒரே கயிற்றின் இரண்டு புரிகளாக இருக்கின்றன. நம்முடைய பாடசாலைகளில் முதற்புரி தேய்ந்துவிட்டது. இன்றைய காணொளிக் கல்வியில் இரண்டாம் புரி தேய்ந்திருக்கிறது. என் மனக்குறை அவ்வளவுதான். பாடசாலையைப் பழிப்பது என் நோக்கமன்று.

கேள்வி: எங்கள் ஊர் விபுலானந்த அடிகளைத் தன்முயற்சியால் கற்றவர் என்று சொல்லலாமா? பேச்சுப் போட்டிக்காகக் கேட்கிறேன்.
— மாணவி, காரைதீவு

பதில்: சொல்லலாம், மகளே, ஆனால் அரைவாசி மட்டுமே சொன்னதாகிவிடும். 1892இல் காரைதீவில் பிறந்த, மயில்வாகனன் என்ற இயற்பெயருடைய அடிகள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பாடசாலைகளில் ஒழுங்காகப் படித்தவர். 1916ஆம் ஆண்டில் அவர் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும் பெற்றார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் தேறிய முதல்வர் அவரே. ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே படித்து 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். 1858இலேயே அப்பல்கலைக்கழகம் தன் விரிவுரை மண்டபத்துக்குள் வராதவர்களுக்கும் பரீட்சையைத் திறந்துவிட்டிருந்தது. ஆகவே பாடசாலை கொடுத்த அடித்தளம், பண்டிதர்களை அண்டிக் கேட்ட தமிழ், தனியே இருந்து படித்த விஞ்ஞானம் ஆகிய மூன்றும் அவரிடம் சேர்ந்திருந்தன.

உன் பேச்சில் யாழ் நூலை மறக்காமல் சேர்த்துக்கொள். யாழ் என்ற கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டமையால், அதைக் கற்பிக்க உலகில் எந்த ஆசிரியரும் இருக்கவில்லை. சிலப்பதிகார வரிகளையும் பௌதிகவியல் கற்பித்த அதிர்வெண் கணக்குகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் உழைத்து, 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூலை அரங்கேற்றினார்; அதே ஆண்டு ஜூலையில் மறைந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லாத இடத்துக்குப் போகத் துணிந்தவருக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டவை எல்லாம் வழித்துணையாக இருந்தன. அரங்கேற்றம் என்ற சொல்லையும் கவனி. தனியே கண்டதை அவர் அறிஞர் சபையின் முன் வைத்துத்தான் நூலாக்கினார். பாடசாலைகளே தேவையில்லை என்று அவர் எண்ணியிருந்தால் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியிருக்கமாட்டார்.

கேள்வி: போர்க்காலத்தில் தரம் எட்டோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிறேன். இந்தத் தொழிலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கழற்றிப் பூட்டிப் பழகியதுதான். தரம் ஆறில் படிக்கும் மகள், "அப்பா, நீங்கள் படிச்ச ஆளா, படிக்காத ஆளா?" என்று கேட்டாள். என்ன சொல்வது?
— வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நின்றுபோன பம்பின் அருகில் குந்தியிருந்து, சத்தத்தைக் கேட்டு, இன்ன இடத்தில் காற்று இழுக்கிறது என்று நீங்கள் ஊகிக்கிறீர்கள். அந்த இடத்தைக் கழற்றிப் பார்த்து, ஊகம் சரியா தவறா என்று உறுதிப்படுத்துகிறீர்கள். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நடப்பதும் இதுதான். நீங்கள் படித்த ஆள் என்று மகளிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆயினும் உங்களிடம் இல்லாத ஒன்றையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவனாகமாட்டேன். நிலத்தின் மேல் வைக்கும் பம்பு, கிணறு ஆழமானால் தண்ணீரை இழுக்காது என்பது உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். இத்தாலியிலும் பம்பு செய்தவர்களுக்கும் கிணறு வெட்டியவர்களுக்கும் இது முதலில் தெரிந்திருந்தது. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் சுமார் 10 மீற்றருக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. ஏன் என்ற கேள்வி கலிலியோவிடம் போனது. அவருடைய உதவியாளராக இருந்த தொரிசெல்லி 1643இல், தண்ணீருக்குப் பதிலாக அதைவிடப் பதின்மூன்று மடங்குக்கும் மேல் பாரமான இரசத்தை (பாதரசத்தை) கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கவிழ்த்துப் பார்த்தார். அது சுமார் 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, வெளியே உள்ள காற்றின் நிறைதான் அதை மேலே தள்ளுகிறது என்று அதனால் விளங்கிற்று. நீங்கள் அறிந்த "எப்படி" என்பதோடு இந்த "ஏன்" என்பதும் சேர்ந்துவிட்டால், இதுவரை கண்டிராத ஒரு பம்பு உங்கள் பட்டறைக்கு வந்தாலும் உங்களுக்குக் கை நடுங்காது. பாடசாலை கொடுக்கத்தக்க பெரும்பயன் இதுவே. உங்களுக்கு அது கிடைக்காமற் போனது உங்கள் குற்றமில்லை.

இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அரசாங்கம் 1980 முதல் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் பாடநூல்களில், தரம் ஒன்பதுக்கும் பத்துக்கும் உரிய விஞ்ஞான நூல்களை அயலில் உள்ள பிள்ளைகளிடம் வாங்கி, இரவில் மகளோடு சேர்ந்திருந்து வாசியுங்கள். அவள் சொற்களை விளக்கட்டும், நீங்கள் இயந்திரத்தைக் காட்டுங்கள். மேலும், வகுப்புக்குப் போகாமல் தொழிலில் பெற்ற திறனை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டித் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி நம் நாட்டில் இருக்கிறது, என்.வி.கியூ என்று கேட்டால் எல்லோருக்கும் விளங்கும். அருகிலுள்ள தொழிற்பயிற்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம்.

கேள்வி: உயர்தரத்துக்குப் பிறகு பல்கலைக்கழக வாய்ப்புக் கிடைக்கவில்லை. திருமணமாகி இரண்டு பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருந்தபடி தமிழ் இலக்கணம் படிக்கிறேன். நூல்கள் இருக்கின்றன, நேரமும் ஓரளவு இருக்கிறது. ஆனால் நான் விளங்கிக்கொண்டது சரிதானா என்பதை எப்படி அறிவது?
— வாசகி, நிந்தவூர்

பதில்: சகோதரி, தன்முயற்சிக் கல்வியில் மிகக் கடினமான இடத்தில் நீங்கள் கைவைத்திருக்கிறீர்கள். நூல் பேசும், ஆனால் நாம் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டால், பிழை என்று அது எழுந்து சொல்லாது.

கணிதமேதை இராமானுஜனை எல்லோரும் தாமாகக் கற்றவர் என்று போற்றுகிறோம். பதினாறு வயதளவில் அவர் கைக்கு வந்த கணிதத் தொகுப்பொன்று, ஆயிரக்கணக்கான முடிவுகளை நிறுவல்கள் பெரும்பாலும் இல்லாமல் அடுக்கியிருந்தது. அதையே ஆசானாகக் கொண்ட அவரும் முடிவுகளை எழுதி, நிறுவல்களை எழுதாமல் விட்டார். 1913இல் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் உலகை வியக்கவைத்த முடிவுகளும் இருந்தன, வேறு எவரோ முன்பே கண்டுபிடித்தவையும் இருந்தன, பகா எண்களைப் பற்றிய சில பிழைகளும் இருந்தன. எது எந்த வகை என்று பிரித்துச் சொல்ல அவருக்கு அருகில் யாரும் இருக்கவில்லை. அந்தக் கடிதத்தை அவர் எழுதியதே, பிழை சொல்லக்கூடிய ஒருவரைத் தேடி என்றுதான் நான் எப்போதும் எண்ணிக்கொள்வேன்.

என் வாழ்விலும் சிறிய அளவில் இது நடந்தது. இளம் ஆசிரியனாக இருந்தபோது, தமிழெழுத்தில் அச்சான ஒரு கைநூலை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் சிங்களம் கற்றேன். சொற்கள் நிறையச் சேர்ந்தன. ஒருநாள் அம்பாறை நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறு கேட்டபோது, பரிமாறிய முதியவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. அந்தக் கைநூலில் "பத்" என்று எழுதியிருந்தது. நானும் "பத்து" என்று எண்ணைச் சொல்வது போலவே சொல்லிப் பழகியிருந்தேன். அந்தப் பகரத்தைத் "தம்பி" என்ற சொல்லில் ஒலிப்பது போல மென்மையாக ஒலிக்க வேண்டும் என்று அவர் தம் உதடுகளைக் காட்டி, நான் சரியாகச் சொல்லும் வரை பொறுமையாகச் சொல்லித்தந்தார். இரண்டு ஆண்டுகளில் நூலால் செய்ய முடியாததை அவர் ஒரு நிமிடத்தில் செய்தார். அந்த இரண்டு ஆண்டுகள் இல்லாமல் அந்த ஒரு நிமிடமும் பயன்பட்டிருக்காது.

நம் கரையோர மணலில் பூவல் என்ற ஆழமற்ற ஊற்றுக் கிணற்றைத் தோண்டுபவர்கள் அறிவார்கள்: தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும், ஆனால் மணல் சரிந்து மூடாமல் பக்கத்தைத் தாங்க ஏதாவது வேண்டும். உங்களுக்குத் தோண்டும் கை இருக்கிறது. தாங்குவதற்கு மூன்று வழிகளைச் சொல்கிறேன். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. 1980இல் தொடங்கிய அந்நிறுவனம் உங்களைப் போன்று வீட்டுப் பொறுப்போடு படிப்பவர்களை மனதில் வைத்தே பாடங்களை அமைக்கிறது. அங்கே ஒப்படைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுப்பார்கள் என்பதே உங்களுக்கு முக்கியம். அடுத்து, நூலகம் என்ற இணையத் தளத்தில் ஈழத்துப் பழைய இலக்கண உரைகளும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே சூத்திரத்துக்கு இரண்டு உரைகளை அருகருகே வைத்து வாசித்தால், அவை முரண்படும் இடத்தில் உங்களுடைய விளக்கமும் சோதனைக்கு வந்துவிடும். மூன்றாவது வழி உங்கள் தெருவிலேயே இருக்கிறது. சாதாரண தரத்துக்குப் படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒருநாள் இலக்கணம் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகள் கேட்கும் "ஏன்" என்ற கேள்வி, எந்தப் பரீட்சகரும் தொடாத இடத்தைத் தொடும். கல்முனை ஆசிரியருக்கு மேலே நான் எழுதிய அரைப்பங்குக் கணக்கு உங்களுக்கும் உரியது.

இப்போது புணர்ச்சி விதிகளில் நின்றிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மெய்யீற்றுப் புணரியலில் னகர ஈற்றுச் சொற்கள் வருமொழியோடு சேரும் முறையை, உங்கள் சொந்த எடுத்துக்காட்டுகளோடு, ஒரு பிள்ளைக்கு விளக்குவது போல நான்கு பக்கத்துக்குள் எழுதி, இந்த இதழின் முகவரிக்கு என் பெயரிட்டு அனுப்புங்கள். சிவப்பு மையால் திருத்தி, அடுத்த மாதம் தபாலிலேயே திருப்பி அனுப்புகிறேன்.